கடலைப் பார்த்த சுவரில் அடைத்த துளையைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
எலோடியா பூட் சிமே,
சுற்றுலா வழிகாட்டி,
படகுத்துறைத் தெரு, ஷமான் கால்,
கின்தானா ரோ மாநிலம்.

பெறுநர்:
தொல்பொருள் வட்டார அலுவலர் அவர்கள்,
ஷமான் கால் கடற்கரைக் கோயில் தொகுதி.

பொருள்: காவல் கோயிலின் கிழக்குச் சுவரில் அடைக்கப்பட்ட துளையைத் திறக்கவும், படகோட்டி வெனான்சியோ கவுயிச் மீதான விசாரணைக்கு முன் அதுபற்றிக் கடிதம் தரவும் வேண்டுதல்.

பார்வை: 1. என் மனு, நாள் 14.01.2026.
2. அதன் மேல் தங்கள் அலுவலகம் எடுத்த நடவடிக்கை, நாள் 25.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவள் நானேதான். துளையில் குளவி கூடு கட்டியிருப்பதாகவும், பயணி ஒருவரின் காதில் கொட்டியதாகவும், காலத்தால் இடிந்த அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். படிக்கட்டுக்குக் கைப்பிடி கேட்டு நான் கொடுத்த மனு ஆறு வருடமாகத் தங்கள் மேசையில் உறங்குகிறது. இந்த மனுவுக்கு மட்டும் பதினோராம் நாளே காரை பூசிவிட்டீர்கள். அன்று நன்றி சொன்னேன். இன்று அந்த வேகத்துக்காகவே வருந்துகிறேன்.

2. எங்கள் ஒருநாள் சுற்றுலா தாங்கள் அறிந்ததே. காலையில் கோயில்கள். வெயில் ஏறியதும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு பவளத்திட்டுக்கு வெளியே மீன் பார்ப்பது. பிறகு கரைக்கு வந்து பொரித்த மீனும் மணல் உறக்கமும். கோயிலுக்கும் மணலுக்கும் நான் பொறுப்பு. நடுவில் உள்ள கடலுக்கு வெனான்சியோ மாமா பொறுப்பு. அவர் என் தாயாரின் சித்தப்பா மகன். முப்பத்தொரு வருடமாகப் படகோட்டுகிறார். திட்டின் நடுவே படகு நுழையும் இடைவெளியை வாசல் என்போம்; அது இரண்டு படகு அகலம்தான். அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

3. சென்ற பிப்ரவரி 20 அன்று, வடகாற்று அடித்து வானம் மூடியிருந்த நேரத்தில், எட்டுப் பயணிகளோடு திரும்பி வந்த படகு வாசலைத் தவறவிட்டு பவளத்தில் மோதியது. சாப்பாட்டு மேசை அளவுக்குப் பவளம் உடைந்தது. ஒரு பெண்மணிக்கு உதடு கிழிந்தது. கடல் பூங்கா அலுவலகம் மாமாவின் மேல் கவனக்குறைவு என்று குற்றம் சாட்டியுள்ளது. வரும் வியாழன் 12.03.2026 அன்று விசாரணை. அவருடைய படகு உரிமம் பறிபோகும் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பறிபோனால், ஏதாவது பெரிய விடுதியின் நீச்சல் குளத்தில் அவர் துண்டு மடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

4. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று பெயர் வாங்கியவர் எப்படித் தவறவிட்டார் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நேரே போய்க் கேட்டேன். “என் தப்புதான். விடு, எலோ” என்று சொல்லிவிட்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எனவே என்னிடம் இருந்த பழைய புகைப்படங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

5. ஐயா, இங்கே என் அறியாமை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாசலை நெருங்கும்போது மாமா எப்போதும் ஓலைத் தொப்பியைக் கழற்றி, கோயிலை நிமிர்ந்து பார்ப்பார். “பாருங்கள், எங்கள் படகோட்டி கோயிலைக் கும்பிடுகிறார்” என்று பதினேழு வருடமாகப் பயணிகளிடம் சொல்லிவந்தேன். அவர்களும் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினார்கள். வழுக்கைத் தலைகள் வெந்ததுதான் மிச்சம். அந்த நேரத்தில் அவர்கள் எடுத்து எனக்கு அனுப்பிய படங்களில், மாமாவின் தலைக்கு மேலே, கோயிலின் கறுத்த சுவரில், அரிசிமணி போல ஒரு வெள்ளைப் புள்ளி. இருபத்திரண்டு படங்களைப் பார்த்தேன். படகு வாசலுக்கு நேராக இருக்கும் படங்களில் மட்டும் புள்ளி உண்டு. சற்று விலகினாலும் இல்லை.

6. மறுநாள் கோயிலுக்குப் போய்க் கையால் அளந்தேன். பின்சுவரில் இன்னொரு துளை இருக்கிறது. அதைத் தாங்கள் அடைக்கவில்லை, நானும் நல்லவேளையாகக் கேட்கவில்லை. அது முன்துளையைவிட இரண்டு சாண் உயரம். கொத்தனின் பிழை என்றே இத்தனை நாளும் சொல்லிவந்தேன். தரையில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றின் வழியே மற்றது தெரியாது. கீழே கடலில், படகுப் பலகையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகி, பின்னால் உள்ள வானம் தெரியும். அதுவும் வாசலுக்கு நேராக இருந்தால்தான். அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துத்தான் மாமா படகை வாசலுக்குள் விட்டிருக்கிறார். இடிந்த ஓட்டை இவ்வளவு கணக்காக இடியுமா? கட்டிய காலத்தில் ஒருவன் ஓடத்தில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் மேல! ஆங், அங்கதான், குத்து!” என்று தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவன் சொன்ன இடத்தில் இப்போது தங்கள் காரை இருக்கிறது.

7. இந்தப் படங்களை எடுத்துப் போய் மாமாவின் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டார். “கும்பிடுறேன்னு நீ சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. சாமி காரியம்னா யாரும் மேற்கொண்டு நோண்ட மாட்டாங்க” என்றார். ஏன் அடைத்தபோதே சொல்லவில்லை என்று கத்தினேன். “சுக்கானைக் கையில குடுக்கிறவன்தான் குறியையும் குடுக்கணும். எங்க மாமன் எனக்குக் குடுத்தாரு. ஆபீசுல போயா குடுக்கிறது? தண்ணி நெறத்தப் பாத்தே வந்துரலாம்னு நெனச்சேன். வெயில் இருந்த மட்டும் வந்தேன்” என்றார். வாசலைக் காட்டும் அடையாளத்தை, படகை ஒப்படைக்கும் வாரிசுக்கு மட்டுமே சொல்வது எங்கள் மீனவர்களின் வழக்கம். விசாரணையிலும் வாயைத் திறக்க மாட்டார். “தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டு உரிமத்தை மேசையில் வைத்துவிடுவார். எனக்கு அவர் மேல் கோபம். அதைவிட என் மேல்தான் அதிகக் கோபம்.

8. வாய்மொழியாகக் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர், “அடைக்கச் சொல்லி நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க? தெறக்கணும்னா அதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க” என்றார். நியாயம்தான். எழுதிவிட்டேன்.

9. ஆகவே, வரும் புதன்கிழமைக்குள் கிழக்குச் சுவரின் காரையைப் பெயர்த்துத் துளையைத் திறக்கும்படி வேண்டுகிறேன். குளவிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் துளை ஜனவரி 25 முதல் அடைபட்டிருந்தது என்ற ஒரு வரியை மட்டும் கடல் பூங்கா அலுவலகத்துக்கு எழுதித் தாருங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால், திறந்த பிறகு ஒருநாள் தாங்களே படகில் வந்து உட்கார்ந்து பாருங்கள். முகக்கண்ணாடி கொண்டுவருகிறேன், மீனும் பார்க்கலாம். ஒன்றே ஒன்று. துளையின் பயனைத் தயவுசெய்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டாம். குறியை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். அதைத் தங்களுக்குச் சொன்ன பழி என்னோடு போகட்டும்.

10. வியாழக்கிழமைக்குள் இவற்றுள் ஒன்றும் நடக்க வழியில்லை என்றால், என் முதல் மனுவின் நகல் ஒன்றைத் தங்கள் முத்திரையோடு தாருங்கள். அதை விசாரணையில் வைத்து, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் வெனான்சியோ கவுயிச்சின் பெயருக்கு மேலே என் பெயரை எழுதச் சொல்லப் போகிறேன். அவர் வழி தவறுவதற்கு இருபத்தாறு நாள் முன்பே அவருடைய வழியை அடைத்தவள் நான்.

தங்கள் கை விரைந்து அசையும் என்பதை ஒருமுறை கண்டவள் என்ற உரிமையில் காத்திருக்கிறேன்.

இடம்: ஷமான் கால்
நாள்: 05.03.2026

(ஒப்பம்)
எலோடியா பூட் சிமே

இணைப்பு: புகைப்படங்கள் இரண்டு. ஒன்றில் புள்ளி உண்டு, ஒன்றில் இல்லை.