ஹராஜுகுவில் இரண்டு ஞாயிறுகள்

செப்டம்பர் 25, செவ்வாய்

பள்ளியில் தலைமுடிச் சோதனை நாள். கருப்பாக இல்லாவிட்டால் சாயம் என்று வீட்டுக்கு அனுப்புவோம். என் வகுப்பில் ஹயாசே மிசோரா மட்டும் இல்லை. மூன்றாவது வாரம். உடம்பு சரியில்லை என்று அவள் அம்மா போன் செய்கிறார்.

ஜூனில் முடி நிறம் ஒப்பிடும் அட்டையை அவள் தலையோடு ஒட்டிப் பார்த்தவள் நான்தான். பழுப்பு. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் டீச்சர்" என்றாள். "கருப்பா அடிச்சுட்டு வா" என்றேன். அடித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை சொன்ன பிறகு வரவில்லை.

அக்டோபர் 9, செவ்வாய்

உடற்பயிற்சி ஆசிரியர் நகுமோ போனை நீட்டினார். "பாத்தீங்களா குவாபாரா டீச்சர், உங்க நோயாளிய!" இளசுகள் விதவிதமாக வேஷம் கட்டித் திரியும் ஹராஜுகுவில் யாரோ எடுத்த படம். ரோஸ் நிறத் தலை, குடை மாதிரி பாவாடை. மிசோராதான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அவள் சிரிக்கிறாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பல்வரிசையை நான் பார்த்திருக்கிறேனா?

அக்டோபர் 14, ஞாயிறு

போனேன். ஐம்பத்தொரு வயதில், முதல் தடவையாக ஹராஜுகு ஸ்டேஷனில் இறங்கினேன்.

தகேஷிதா தெருவில் நடக்கவே இடமில்லை. கண் தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது – நீலம், தவறு, பச்சை, தவறு, பாதி வெள்ளை பாதி ஊதா, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஒருத்தி நெற்றி மயிரில் அறுபது எழுபது பிளாஸ்டிக் கிளிப் குத்தியிருந்தாள்.

"கனக்காதாம்மா?"

"கழுத்து விட்டுப்போகும் ஆன்ட்டி. அதுக்காக கழட்டிடுவேனா?"

மிசோராவைக் காணவில்லை. க்ரீம் வைத்துச் சுருட்டிய கிரேப் தோசை ஒன்று வாங்கித் தின்றுவிட்டு இருட்டும் வரை சுற்றினேன். கண்காணிக்கப் போனேன் என்று நாளைக்கு யாரிடமாவது சொல்ல முடியுமா?

அக்டோபர் 21, ஞாயிறு

அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

"டீச்சர்! பிடிக்க வந்தீங்களா?"

"பாக்க வந்தேன்" என்றேன். அது பொய் இல்லை.

ஒரு கடையின் பின்படியில் உட்கார்ந்தோம். அரிக்கிறது என்று ரோஸ் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விக்! அடியில் மூன்று விரல் அகலத்துக்குப் பழுப்பு முளைத்திருந்தது, நுனியெல்லாம் நாங்கள் அடிக்க வைத்த கருப்பு. காதுக்குப் பின்னால் நாணயம் அளவுக்கு வழுக்கை. சாயம் புண்ணாக்கிய இடம்.

அவள் என் தலையைப் பார்த்துக் கேட்டாள். "உங்களுது இவ்ளோ கருப்பா இருக்கே, நிஜமா டீச்சர்?"

"மாசம் ஒரு தடவை அடிப்பேன்."

"அப்போ உங்களத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்!" விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ரயிலில் வரும்போதுதான் அழுகை வந்தது. குழந்தை தலையில புண்ணு வர்ற வரைக்கும் என்னடி பாத்துட்டு இருந்தே?

நவம்பர் 6, செவ்வாய்

ஆசிரியர் கூட்டம். எழுந்து விதியைப் படித்தேன்: முடிக்குச் சாயம் பூசக் கூடாது. "இதை மீறினது மிசோரா இல்ல. நாம. மீற வச்சது நான்." நகுமோ, "அடுத்த வாரம் டீச்சரே ரோஸ் கலர்ல வருவாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர், "பிறவி நிறம்தான்னு பெற்றோர் ஒரு படிவத்துல எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்.

நவம்பர் 10, சனி

மிசோரா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அம்மா அழுதார். மகள் அழவில்லை. தலைமை ஆசிரியர் கேட்டதைச் சொன்னேன்.

"என் முடிக்கு நான் எதுக்கு சர்டிபிகேட் தரணும்?"

பையில் கொண்டுபோயிருந்த படிவத்தை அவளிடம் நீட்டவே இல்லை.

நவம்பர் 12, திங்கள்

படிவத்தை நானே நிரப்பினேன். பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'வேரிலேயே பழுப்பு, என் கண்ணால் பார்த்தேன். குவாபாரா எத்சுகோ.' தலைமை ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். முத்திரை குத்தினார். இனி அடிக்காமலே வரலாம் என்று மிசோரா வீட்டுக்குப் போன் செய்தேன்.

நவம்பர் 30, வெள்ளி

வரவில்லை.

டிசம்பர் 21, வெள்ளி

வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

ஜனவரி 8, செவ்வாய்

மூன்றாம் பருவத்தின் முதல் நாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டேன்.

"ஹயாசே மிசோரா."

"இருக்கேன்."

ஜன்னலோரம், வெயிலில், கருப்பு நுனி வெட்டிய குட்டை முடி, பழுப்பாக. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நகுமோ நின்று அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.