எடை அட்டையில் எழுதியது

மார்ச் 3, செவ்வாய்

நாலு குட்டியும் எடை கூடியிருக்கின்றன. கறுப்பு 290, சாம்பல் 280, வெள்ளைக்கால் 265, அரைக்காது 220. விலங்குகள் காப்பகத்தில் கொடுத்த அட்டையில் எழுதி பிரிட்ஜ் கதவில் மாட்டியாகிவிட்டது. பேர் வைக்கக் கூடாதாம், வைத்தால் திருப்பித் தர மனசு வராதாம். நான் எங்கே பேர் வைத்தேன்? அடையாளம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தாயில்லாத பூனைக்குட்டிகள், பிறந்து மூன்று வாரம். ஒன்றரை மாதம் வளர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேத்தி படிக்கப் போனபின் அவள் அறை சும்மாதான் கிடந்தது. மகன், "உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்றான். வேற எந்த வேலையை எனக்கு விட்டு வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

காப்பகத்துக் கண்ணாடிக்காரப் பெண் என்னைப் பாட்டி என்கிறாள். யாருக்கு யார் பாட்டி?

மார்ச் 4, புதன்

மருமகள் அறை வாசலில் ஒரு தட்டில் பசும்பால் வைத்திருந்தாள். "பாவமா இருந்துச்சு அத்தை" என்றாள். பசும்பால் ஆகாது, பவுடரைக் கலக்கிப் புட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்று குட்டிகளைக் கொண்டுவந்து விட்ட அன்று கண்ணாடிக்காரி படித்துப் படித்துச் சொன்னது வீடு முழுக்கக் கேட்டதுதானே! தட்டோடு எடுத்துத் தொட்டியில் கொட்டினேன்.

பாலுக்கும் இவளுக்கும் ஆகவே ஆகாது. கல்யாணமாகி நாலாம் நாள், வியாழக்கிழமை, என் பால் பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பெட்டிக்குள் விரிக்கும் துணி எல்லாவற்றையும் துவைத்தேன். ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் துணி வெளுத்த கை இது. வெந்நீர், சோப்பு, கடைசி வாளியில் இரண்டு மூடி பினாயில். என் வார்டுத் துணியை மூக்கில் வைத்துப் பார்த்தே "இது நீ வெளுத்தது" என்று சொல்லுவார் பெரிய நர்ஸ். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினவளுக்கு அதுதான் சர்டிபிகேட்.

பெட்டி ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது. இப்போதுதான் நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

அரைக்காது குடிக்கவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. பின்னங்கால் நடுங்குகிறது. துணியை இரண்டு தடவை மாற்றினேன்.

மார்ச் 9, திங்கள்

போய்விட்டது. என் உள்ளங்கையிலேயே.

மார்ச் 10, செவ்வாய்

செத்ததையும் மற்ற மூன்றையும் கூடையில் எடுத்துக்கொண்டு காப்பகத்து டாக்டரிடம் போனேன். "என்ன குடுத்தீங்க?" என்றார். பவுடர்தான் என்றேன். செத்ததை வைத்துக்கொண்டார், பார்த்துவிட்டு போன் பண்ணுவாராம். மருமகள் நம்பர்தான் கொடுத்திருக்கிறேன், என்னிடம் ஏது போன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தட்டுதான் கண் முன்னால் நின்றது. வந்ததும் அட்டையை எடுத்து, குறிப்பு என்று போட்ட இடத்தில் எழுதினேன்: மருமகள் பசும்பால் கொடுத்தாள். அழுத்தி எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் யாருக்கும் புரியும்.

மகனிடமும் சொன்னேன். "ஏன்டி, அம்மா வேலையில தலையிடுற?" என்று கத்தினான். "நான் அந்த ரூமுக்குள்ளயே போகலைங்க" என்றாள். அழவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

காலையில் சாம்பலும் இல்லை.

மத்தியானம் பார்க்கிறேன், பெட்டிக்குள் அவளுடைய பழைய பூப்போட்ட துப்பட்டா! என் துணியை உருவி வாசலில் போட்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். "டாக்டர் போன் பண்ணாரு அத்தை, அந்தத் துணியில—" என்று ஆரம்பித்தாள். "என் துணியப் பத்தி நீ பேசாத. வாய மூடு" என்றேன். மூடிக்கொண்டாள். துப்பட்டாவைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளுத்து வைத்ததில் புதுசாக ஒன்றை எடுத்து நாலாக மடித்துப் போட்டேன். மிச்சமிருக்கிற இரண்டுமாவது சுத்தத்தில் கிடக்கட்டும் என்று.

மார்ச் 13, வெள்ளி

வெள்ளைக்கால்.

மார்ச் 14, சனி

கறுப்பு தலையைத் தூக்கவில்லை. பெட்டியோடு காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அட்டையையும்தான்.

கண்ணாடிக்காரி பெட்டியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாட்டி, இன்னுமா இந்தத் துணியப் போட்டு வச்சிருக்கீங்க?"

சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன்.

"பினாயில் பூனைக்கு விஷம் பாட்டி. துணியில படுக்கும், உடம்ப நக்கும், உள்ள போயிரும். டாக்டர் வியாழக்கிழமையே போன்ல சொன்னாரே. உங்க மருமக உடனே மாத்திடுறேன்னாங்களே!"

அப்புறம் அட்டையைப் படித்தாள். ஒரு பைலில் சொருகினாள். கறுப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். வெறும் கையோடு நடந்து வந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மூணு. என் கையால மூணு. துவச்சுத் துவச்சுக் கொன்னுருக்கேன். எச்சில் ஒழுகுதேன்னு திரும்பத் திரும்ப வேற அதுமேலயே போட்டேனே. வெள்ளைக்கால் பிழைச்சிருக்குமே. துப்பட்டாவுல கிடந்திருந்தா பிழைச்சிருக்குமே.

கையை மோந்து பார்க்கிறேன். வாசனை போகவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று வாரக் குட்டிக்குத் தட்டில் குடிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அட்டையில் எழுதின அன்றைக்கும் தெரியும். அவள் வைத்ததை நான்தானே கொட்டினேன்? தெரிந்தேதான் எழுதினேன். எதற்கு? பாத்திரத்துக்கா? பச்சைப் புடவைக்கா? சிரித்ததற்கா?

இன்று சாப்பாடு எடுத்து வைத்தாள். "உப்பு போதுமா அத்தை?" என்றாள். வழக்கம்போல.

மார்ச் 17, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்றேன். மகனும் இருந்தான். பினாயில் போட்டது நான், பாலைக் கொட்டினதும் நான், அட்டையில் எழுதினது பொய் என்றேன்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் மடித்த துணியை உதறித் திரும்ப மடித்தாள். "நான்தான் சொன்னேனே அத்தை. வாய மூடுன்னீங்க."

"ஆமா."

"இதையும் ஞாபகம் வச்சுக்குங்க. நீங்கதான் எதையும் மறக்க மாட்டீங்களே."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பேன்.

மார்ச் 18, புதன்

காப்பகத்துக்குப் போய் அட்டையைக் கேட்டு வாங்கினேன். அந்த வரியை அடித்து, கீழே எழுதினேன்: பினாயில். நான் போட்டது. கண்ணாடிக்காரி படித்துவிட்டு, "இனிமே உங்ககிட்ட குட்டி தர மாட்டாங்க பாட்டி" என்றாள். தரக் கூடாது என்றேன். கறுப்பு உயிரோடு இருக்கிறதாம். பார்க்கணுமா என்று கேட்டாள். எந்த முகத்தோடு பார்ப்பது?

மார்ச் 22, ஞாயிறு

ஒன்றும் இல்லை. பேத்தி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, சனி

பூட்டுச் சாவியை மருமகள் கேட்டாள். எதற்கென்று கேட்க எனக்கு ஏது வாய், கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கூடையோடு வந்தாள். அவள் பேரில் கையெழுத்துப் போட்டு, கறுப்பை வளர்க்க வாங்கி வந்திருக்கிறாள். நான் அறைக்குள் வரக் கூடாது, எதையும் துவைக்கக் கூடாது என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். அவளாகச் சேர்த்ததோ என்னவோ. கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் அறை வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். உள்ளே தராசு வைக்கும் சத்தம் கேட்கும். "நானூத்திப் பத்து" என்பாள். நான் அட்டையில் எழுதுவேன். வேறு பேச்சு இல்லை.

பூப்போட்ட துப்பட்டாவை வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். ஓரத்தில் அழுக்கு அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.