சாயங்கால ஜீப்பு

சிலமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னுமணி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை முத்துப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பு தேறி வரவேண்டும் என்று கருப்பசாமியைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கட்டிய புருஷனுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. மறுவாழ்வு இல்லத்தில் உங்களைச் சேர்த்த அன்றே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதமும் கடிதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். பிரியா பிழை திருத்துகிறேன் என்று பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற திமிர். போய்ப் பாடத்தைப் படி என்று விரட்டிவிட்டேன்.

அங்கே இருக்கிற சூர்யகலா மேடம் எங்களை உட்காரவைத்து நிறையச் சொல்லி அனுப்பினார்கள். கடிதத்தில் நல்ல சேதி மட்டும்தான் எழுத வேண்டுமாம். குறை, அழுகை, பழைய கதை எதுவும் கூடாதாம். படிக்கிறவருக்கு நம்பிக்கை வரவேண்டுமாம். வீட்டில் இருக்கிறவர்களும் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ள வேண்டும், காலையில் அரைமணி நேரம் நடங்கள் என்றார்கள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே போய், நாள் முழுக்க ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிறவளிடம் நடக்கச் சொன்னால் நான் என்ன சொல்ல? சரிங்க மேடம் என்றேன். தூங்கும் முன் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை நினைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிறேன்.

ஆனாலும் சொன்ன சொல்லுக்காகத் தேடிப் பார்த்தேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. மலையில் அட்டைக் கடி ஜாஸ்தி, ஆனால் காயும் ஜாஸ்தி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். வாசல் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இப்போது ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. சோற்றைச் சூடாகச் சாப்பிடுகிறோம். பிரியா பாடம் எழுதும்போது பாடுகிறாள் மாமா. நம் பிள்ளைக்குப் பாட்டு வரும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். குரல் உங்கள் அக்கா குரல் மாதிரி இருக்கிறது.

என் முழங்கால் வலியைப் பற்றி எழுதக் கூடாது, அது குறையில் சேர்ந்துவிடும். அதனால் எழுதவில்லை.

மாத்திரையை மறக்காமல் போடுங்கள். கொடுக்கிற கஞ்சியை முகம் சுளிக்காமல் குடியுங்கள். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பொன்னுமணி


சிலமலை,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னுமணி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து, சேலையில் ஒட்டிய சகதியைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து படித்தேன். கையெழுத்து கோணாமல் நேராக வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் விஷயத்தைப் படித்தேன்.

வீடு நல்லா இருக்குன்னு நீயே எழுதியிருக்க, அப்புறம் நான் எதுக்கு இங்க கெடக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நாள் இருந்ததே போதும், உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரை போட்டால் குமட்டுவது ஒன்றுதான் குறை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் ஏலச்செடிக்கு அடுத்த சுற்றுப் பூச்சிமருந்தடிப்பு தொடங்கப் போகிறது, போகாவிட்டால் உங்கள் மருந்து பம்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல சேதி மட்டும் எழுதச் சொன்ன மேடம் மேல் எனக்குக் கோபமாக வந்தது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நான் எழுதியது ஒன்றும் பொய்யில்லை மாமா. ஆனால் பாதிதான் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மேடத்திடம் காட்ட வேண்டும் என்றால் காட்டிக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாளை ஏன் மாற்றினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. பழையதை ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி நீங்கள்தான் உதைத்து உடைத்தீர்கள். மறுநாள் உங்களுக்கு ஞாபகம் இல்லை, நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கதவுக்கு அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்துத்தான் படுத்தோம். சோறு சூடாக இருப்பது ஏன் என்றால், உங்களுக்காகக் காத்திருந்து ஆறிப்போவதில்லை. தூக்கம் வருவது ஏன் என்றால், தெருவில் யார் நடந்தாலும் நீங்கள்தானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதில்லை. நான் தேடித் தேடி எழுதிய சந்தோஷம் அத்தனையும் நீங்கள் இல்லாததால் வந்த சந்தோஷம். இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் இது தெரியாமல் நீங்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

பிரியா விஷயத்தைச் சொல்லவா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார் என்றேன். பாடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். நோட்டை மூடிவிட்டு, "எம் பைய எங்கம்மா வச்ச?" என்று கேட்டாள். எந்தப் பை என்று உங்களுக்குத் தெரியாது. யூனிபாரம் ஒரு செட், மறுநாள் பாடப் புத்தகம், ஒரு டார்ச் லைட்டு. நீங்கள் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற ராத்திரிகளில் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அக்காவிடம் போய்விடுவாள். அங்கேயே படுத்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போவாள். நீங்கள் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் சட்டி பானை பறக்கிற வீட்டில் பிள்ளை எப்படிப் படுக்கும்? நீங்கள் போன பிறகு அந்தப் பையைக் காலி செய்து பரணில் போட்டிருந்தேன். இறக்கிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இனி மருந்தடிப்பு. நம் ஊரில் ஏலத்துக்கு மருந்தடிக்கப் போகிற அத்தனை பேரும் ஒன்றுதான் சொல்வீர்கள், ஒரு குவார்ட்டர் போட்டால்தான் உடம்பில் ஏறின மருந்து முறியும் என்று. மருந்தடித்த நாளில் குடிக்காமல் வீட்டுக்கு வருகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். ஜீப் ஓட்டுகிற ஒச்சப்பன் அண்ணனும் யாரும் சொல்லாமலே சாயங்காலம் போடியில் பிராந்திக் கடை முக்கில் ஜீப்பை நிறுத்திவிடுவார். மருந்தடித்த நாளில் மட்டும் இறங்க ஆரம்பித்தீர்கள். பிறகு மருந்தடிக்காத நாளிலும் இறங்கினீர்கள். நான் ஜீப்புக்குள் இருந்து உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

மேடத்திடம் இதைக் கேட்டேன். சாராயம் எந்த விஷத்தையும் முறிக்காது, மருந்தையும் குடியையும் சுத்தம் செய்வது ஒரே ஈரல்தான் என்றார்கள். ஒரு லோடு இறக்கும் முன்னே அந்த முதுகிலேயே இன்னொரு லோடு ஏற்றுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மேலில் பட்ட மருந்துக்குச் சோப்பும் தண்ணீரும்தான், உடனே துணி மாற்ற வேண்டும், மூக்கை மூடாமல் அடிக்கவே கூடாது என்றார்கள். எத்தனை வருடம் கழுவாமலே வந்தீர்கள் மாமா, தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது.

போன வாரம் உங்கள் கூட்டாளி சோலை அண்ணன் ஜீப்பில் என்னைக் கேட்டார், காசி எப்படி இருக்கான் என்று. தேறி வருகிறார் என்றேன்.  அவர் கையை நீட்டிக் காட்டி, "குடிக்காட்டித்தான் கை நடுங்கும்னு காசி சொல்வான். எனக்குக் குடிச்சும் நடுங்குது தங்கச்சி" என்றார். அன்றைக்கும் போடியில் இறங்கினார். ஆனால் இறங்கும் முன்னே, அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கங்காணி அழகுராஜாவைப் பார்த்து, என் புருஷன் இனிமேல் மருந்தடிக்க வரமாட்டார், பம்பை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். நீங்கள் முழுசாக முடித்து வந்தால் அந்தச் சோலி உங்களுக்கு என்று ஒத்துக்கொண்டார். சம்பளம் குறைவுதான். திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி மேடம் சொன்ன மாதிரி மறுபடியும் தேடினேன். இந்தத் தடவை நீங்கள் இருக்கிற ஒரு சந்தோஷத்தைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அலுத்துப் போயிருக்கிறேன் மாமா. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும், இது அப்படிப் போகிற அலுப்பு இல்லை.

காலையில் ஜீப்பில் போகும்போது கிடைத்தது. மலை ரோட்டில் வளைவு ஏற ஏறப் பெண்களுக்குக் குமட்டல் எடுத்தது. புதுசாக வேலைக்கு வருகிற வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு தவித்தாள். மொக்கம்மாள் அக்கா சொன்னார்கள், "காசிமாயன் இருந்தா இந்நேரம் எலையக் குடுத்திருப்பான்." எல்லாரும் ஆமாம் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நார்த்தை மரத்தில் தினமும் இலை பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெண்கள் உட்காரட்டும் என்று நீங்கள் பின் படியில் நின்றுகொண்டே வருவீர்கள். யாருக்கு முகம் வெளுத்தாலும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பீர்கள். பனியில் நனைந்தாலும் உள்ளே வந்து உட்கார மாட்டீர்கள்.

காலையில் நீங்கள் நல்ல மனிதர் மாமா. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஜீப்பில் இருந்தவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், குமட்டல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதனால் நான் முடிவெடுத்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பருப்பும் முருங்கைக்கீரையும் வைத்துச் சோறு கொண்டுவருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம். கையெழுத்துப் போட மாட்டேன். எவ்வளவு கெஞ்சினாலும் போட மாட்டேன், சாயங்காலம் பஸ்சு ஏறித் தனியாகத்தான் திரும்புவேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வந்து என் எதிரில் உட்காருங்கள்.

பிரியா வரவில்லை. வா என்று நான் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு மாத்திரை போட்டால் குமட்டுகிறதாம் என்ற வரியை அவள் கேட்டிருக்கிறாள். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் போய் நார்த்தை இலை பறித்து வந்து, நூல் சுற்றி, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதைத்தான் இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். வாடியிருக்கும், கசக்கினால் வாசம் வரும். இப்போதைக்கு என்னிடம் இருக்கிற நம்பிக்கை இவ்வளவுதான்.

காலை ஜீப்பில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. எனக்கு அது மட்டும் போதாது. சாயங்காலம் ஒச்சப்பன் அண்ணன் போடியில் கடை முக்கில் நிறுத்துவார். ஆட்கள் இறங்குவார்கள். அப்போது நீங்கள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் வாசல் வரைக்கும் அந்த ஜீப்பிலேயே வரவேண்டும். அது உங்களால் முடிகிறவரைக்கும் அங்கேயே இருங்கள் மாமா. நான் இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சாயங்காலத்துக்குக் காத்திருக்கும்
பொன்னுமணி