மரத்தூளில் நின்ற சறுக்குக் கட்டை

செம்பவாங்,
10-3-1959

அன்புள்ள அஞ்சலைக்கு,

நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். அம்மாவின் இருமல் குறைந்ததா, பொன்னி நடக்கப் பழகிவிட்டாளா என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. கப்பல்தளத்துத் துரை ஒருவர் அடுத்த மாதம் ஜப்பானில் பனிமலையில் சறுக்கப் போகிறாராம். அப்போது அங்கே பனி பாதி உருகிச் சொதசொதவென்று கிடக்குமாம். மூடுபனியில் எதிரே ஆள் தெரியாதாம். அதை இங்கேயே பழக ஆசைப்பட்டார். எங்கள் ஐஸ் கிடங்கிலிருந்து நானும் என் கூட்டாளி நெய்னா முகம்மதுவும் போய், அவர் பங்களா மேட்டில் ஐஸை நொறுக்கிக் கொட்டினோம். மழை விட்ட புழுக்கத்தில் ஐஸிலிருந்து ஆவி புகையாக எழும்பியது. சீக்கிரம் கரையாமல் இருக்கட்டுமே என்று, கிடங்குப் பழக்கத்தில், கீழ்ப்பாதியில் மரத்தூளைத் தூவிவிட்டேன்.

துரை காலில் நீளச் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு புகைக்குள் மறைந்தார். கட்டைகள் மரத்தூளில் சிக்கி நின்றன, துரை நிற்கவில்லை. கீழே நின்ற என்மேல் வந்து விழுந்தார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ மீசையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, இன்னொரு லாரி ஐஸ் வேண்டும் என்றார்.

“நல்ல மெத்தை கிடைச்சிருக்கு லா, விடுவாரா?” என்று என்னைக் காட்டிச் சிரித்தார் நெய்னா.

எனக்கு முழங்காலில் லேசான வீக்கம்தான். ஊரிலிருந்து யாராவது வந்தால் நீ காய்ச்சும் எண்ணெயில் ஒரு புட்டி கொடுத்தனுப்பு.

துரை கேட்ட ஐஸை ஏற்ற லாரி வந்துவிட்டது, போக வேண்டும். பொன்னிக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவளைத் தாளில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து அனுப்பு. பக்கத்தில் உன் பாதத்தையும் வரை. உன் அளவு எனக்குத் தெரியும், இருந்தாலும் வரை.

உன்,
வைரவன்