மெத்தையில் கிடந்தது எள் இல்லை

ஏங்க, நீங்கள் பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் நான் சிவகாசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தங்கச்சி பெனாசிருக்குக் காய்ச்சல். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

நேற்று நம் பூனை மல்லியைக் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். மெத்தையில் தினமும் கிடந்ததே, அது நம் கடையிலிருந்து உங்கள் சட்டையில் ஒட்டிவந்த எள் இல்லை. மல்லியின் வயிற்றிலிருக்கும் நாடாப்புழுவின் துண்டுகள் வெளியே விழுந்து காய்ந்தால் அப்படித்தான் இருக்குமாம். உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் வருகிறதாம். இனிமேல் நீங்கள் வாசலில் நின்று சட்டையை உதற வேண்டாம். எள்ளுக்காக நான் திட்டியதில் நீங்கள் கூடத்துக்குக் கொண்டுபோன தலையணையை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

கடைக்குக் கிளம்பும் முன் டாக்டர் தந்த புழு மாத்திரையை மீன் துண்டுக்குள் வைத்து மல்லிக்குக் கொடுங்கள். தெள்ளு மருந்தை அதன் பிடரியில் விட்டிருக்கிறேன். காயும்வரை மடியில் வைக்காதீர்கள்.

அன்றைக்கு மெத்தையில் கிடந்ததில் ஒன்றை எடுத்து முன்பல்லில் கடித்து, "நல்லாக் காஞ்சிருக்கு, ஆனா எண்ணெயே இல்லே. இது நம்ம சரக்கு இல்லே பைரோஜா"ன்னு சொன்னீகளே. யாரென்று சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். அதனால் ஒன்றும் ஆகாதாம். தெள்ளை விழுங்கினால்தான் மனுசருக்கு வருமாம்.

பைரோஜா

மறந்துவிட்டேன்: வேறு புழு இருக்கிறதா என்று பரிசோதிக்க, மல்லி இன்று காலையில் வெளிக்குப் போனதை வெள்ளை மூடி டப்பாவில் வைத்திருக்கிறேன். போகிற வழியில் கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். அதைத் திறந்து தரம் பார்க்க வேண்டாம்.