பூஜையில் வைத்த புத்தகங்கள்

நிக்டி, புணே
9-11-2003

சௌபாக்கியவதி ப்ரியம்வதாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தேஜஸும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்திருக்குமே, குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு.

உஜ்வலா விஷயம் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாய். முடிவு தெரிந்து எழுதலாம் என்று இருந்தேன். அம்மாவிடம் சாயங்காலம் படிக்க வரும் பஸ்திக் குடிசைப் பிள்ளைகளில் அவள் ஒருத்தி, அவளுடைய அம்மா நம் சொசைட்டியில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். ஏழாவது முடித்த ஏழைப் பிள்ளைகளை எட்டாவதிலிருந்து ஹாஸ்டலில் வைத்து இலவசமாகப் படிக்க வைக்கும் ஒரு டிரஸ்ட் பள்ளிக்கு இவர்கள் எல்லோரும் தேர்வு எழுத வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் உஜ்வலாவும் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, தனக்குக் கணக்கு வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. கெட்டிக்காரக் குழந்தையின் நேரத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கணக்கு இன்னிக்கு வரலேன்னா நாளைக்கு வரும், குணம் அப்படி வராது என்பாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன்.

தேர்வை நல்ல நாள் என்று தசராவன்று காலையிலேயே வைத்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் நமக்குச் சரஸ்வதி பூஜை. ப்ரியாவின் புத்தகம் வருஷா வருஷம் அம்பாள் முன்னால் இருந்தது, இந்தக் குழந்தைகளின் புத்தகம் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. எல்லோரையும் கொண்டுவரச் சொல்லி, மணையில் உன் பழைய அட்லஸை அடியில் வைத்து, அதன்மேல் அவர்கள் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் இட்டாள். பிள்ளைகள் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது மராட்டிப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும். மறுநாள் காலையில் பரீட்சை என்பது எங்களுக்காவது உறைத்திருக்க வேண்டும். எனக்குச் சுண்டலில் தேங்காய் குறைச்சல் என்பதுதான் உறைத்தது.

சாயங்காலம் உஜ்வலா வாசலில் வந்து நின்றாள். சித்தியைக் கூப்பிடுவது போல, மாவ்ஷி, புத்தகம் வேண்டும் என்றாள். இன்றைக்குப் படிக்கக் கூடாதென்று அம்மா விளக்கினாள். சின்ன வயசில் நீ இந்த ஒரு நாளுக்காகவே வருஷம் பூராவும் காத்திருப்பாய், இவளோ அழுதுவிடுவாள் போல இருந்தாள், ஆனால் அழவில்லை. உங்களுக்குச் சரி மாவ்ஷி, எனக்கு இன்றைக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றாள். உன் அம்மாவின் மடி ஆசாரம் உனக்குத் தெரியும். பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே இருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு, உஜ்வலாவின் புத்தகத்தை உருவிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை. மற்றவர்களுடையதும் கொடுங்கள், அவர்கள் வந்து கேட்கப் பயப்படுகிறார்கள் என்றாள். ஒரே பள்ளிக்கு, எண்ணி எடுக்கப் போகும் இடத்துக்கு, அவளோடு போட்டி போடுகிறவர்களின் புத்தகங்கள் அவை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மணையில் உன் அட்லஸ் மட்டும் மிஞ்சியது. அதற்குத்தான் அன்றைக்கு ஹாரத்தி. வெறும் மணையாக இருக்கிறதே என்றேன். சரஸ்வதி இங்க இல்லே, பஸ்தில உக்காந்து படிச்சிண்டிருக்கா, நீங்க போய்க் காபியைக் குடியுங்கோ என்றாள்.

தீபாவளி கழித்து முடிவு வந்தது. உஜ்வலாவும் இன்னும் இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். கிடைக்காத மூன்று பேரை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அம்மா அவர்களுக்கு வேறு பள்ளி விசாரிக்கிறாள். உஜ்வலா பேடாவோடு வந்தபோது அந்த மூன்று பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள், முதல் பேடா அவர்கள் கையில்தான். எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அம்மாவின் சட்டத்தைப் பற்றி இனி நான் வாயைத் திறப்பதாக இல்லை.

நீ டிசம்பரில் வரச் சொல்கிறாய். ஜூனில் உஜ்வலாவை ஹாஸ்டலில் விட்ட பிறகுதான் கிளம்புவேன் என்கிறாள் உன் அம்மா. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், குழந்தையோடு வீட்டில் தமிழிலேயே பேசு. எல்லோரும் தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருங்கள்.

உன் அட்லஸை உஜ்வலாவுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான், ஆனால் அவள் அதில் முதலில் தேடியது நீ இருக்கும் ஊரை. கண்டுபிடித்ததும் எழுந்து போகவில்லை, மற்ற பிள்ளைகளும் கண்டுபிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
ஸ்வாமிநாதன்