பெடலை மிதித்தது என் கால்தான்

பழைய டயரின் வால்வைத் திறந்தால் ஒரு வாடை வரும், ஞாபகம் இருக்கிறதா? வருஷக்கணக்கில் உள்ளேயே அடைபட்டுக் கிடந்த காற்று. ஈரத்தோடு மடித்து வைத்த மழைக்கோட்டைப் பிரித்த மாதிரி இருக்கும். இன்று காலை அது என் முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். நான் கூப்பிடவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். "வரட்டுமா" என்று கேட்டு எவன் ரூமுக்கும் நீ போனதில்லை.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உன் ஊருக்கு நான் வரவில்லை. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறத் தெரியாதவன் இல்லை. உன் அம்மா முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால் வரவில்லை. அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. உன் கதையை இங்கே ஆளாளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டில், வாலாஜாபாத் போகிற பக்கம் நம் டயர் கடை. நான் பென்னலூர்க்காரன், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். நீ ஃபேக்டரி வேலை என்று நம்பித் தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்து, கேட்டுக்கு வெளியே நின்று நின்று அலுத்து, கடைசியில் எங்கள் கடைக்கு வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே மிஷின். ஒரு வீலுக்கு எனக்கு நாலு நிமிஷம். உனக்கு ஒன்பது.

"டயர் மாத்துறியா, பொண்ணு பாக்குறியா? சட்னு மாட்டுடா."

"ஏலே, ஒன் பின்னாடி என்ன நாயா வெரட்டுது? ஒஞ்சோலியப் பாரு."

தினமும் இதே பாட்டுதான்.

அந்தக் கார் வந்த நாளைச் சொல்கிறேன். ஃபேக்டரி ஒன்றின் வெளிநாட்டு அதிகாரிக்காகக் கப்பலில் வந்த வண்டி. ஓட்டி வந்தவர் பெருமாள் அண்ணன், வாலாஜாபாத்துக்காரர். வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். கதவில் ஒரு கோடு விழுந்ததற்காக முந்தைய டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவரே சொன்னார். "பாத்து செய்ங்கப்பா, நாலும் புது டயரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதல் வீலை நான் எடுத்தேன். காற்றை இறக்கி, வீலை மிஷினோடு சாய்த்து, டயர் விளிம்பை அமுக்கும் தகட்டை வைத்துப் பெடலை மிதித்தேன். 'டப்' என்று வர வேண்டிய சத்தம் 'சடக்' என்று வந்தது. நான் கவனிக்கவில்லை. டயரைக் கழற்றினேன். புது டயர் போட்டால் வால்வும் புதுசு, அது நம் கடை வழக்கம். அதை ஒழுங்காகச் செய்கிறோம் என்பதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு. இந்த வண்டியில் வால்வு இரும்பு மாதிரி இருந்தது, அடியில் ஒரு நட்டு. நட்டைக் கழற்றினேன், வால்வைப் பிடுங்கினேன், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புக் கட்டியையும் சேர்த்து டிரம்மில் போட்டேன். ரப்பர் வால்வை இழுத்து மாட்டினேன். மூணே நிமிஷம்.

நீ டிரம்முக்குள் கையை விட்டாய்.

"ஏலே, இது என்னல?"

"வெயிட்டு கட்டிடா. வீலு ஆடாம இருக்க உள்ள வச்சுக்கீறான்."

"வெயிட்டு கட்டிக்கு எதுக்குல பேட்டரி?"

தீப்பெட்டி அளவுக் கட்டி, நடுவில் பிளந்திருந்தது. உள்ளே பச்சைத் தகடு, கடுகு மாதிரி சின்னச் சின்ன ஈயப் புள்ளிகள், ஒரு வட்ட பேட்டரி. நீ காருக்குள் போய் முன்பக்கப் பெட்டியிலிருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்து வந்தாய்.

"பாலிடெக்னிக்கு, படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலு வீலுக்குள்ளும் ஒவ்வொரு சென்சார் இருக்கிறது. டயரில் எவ்வளவு காற்று என்று அது வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காற்று குறைந்தாலோ சென்சார் பேசாமல் போனாலோ டிரைவர் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். டயரைக் கழற்றும்போது வால்வுப் பக்கம் அமுக்கக் கூடாது. நான் அமுக்கியது அங்கேதான்.

முதலாளி வந்து பார்த்தார். பதறவில்லை. அவர் எப்போதும் பதற மாட்டார்.

"மூடி மாட்டுங்கடா. லைட்டு எரிஞ்சா எரியட்டும். வரும்போதே எரிஞ்சிச்சின்னு சொல்லிக்கலாம். டிரைவரு எங்கியாவது பள்ளத்துல வுட்டுருப்பான்."

நான் சொன்னேன், "சரி மொதலாளி."

ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. அதுவும் வேகம்தான்.

நீ மீதி மூன்று வீலையும் எடுத்தாய். ஒவ்வொன்றிலும் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து, தகட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, காலைப் பூ மாதிரி வைத்துப் பெடலை அழுத்தினாய். சென்சாரைத் துணியால் துடைத்தாய். நட்டைத் தொடவே இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

பெருமாள் அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். நீ நேராக அவரிடம் போனாய்.

"அண்ணே, ஒரு வீல்ல சென்சார் ஒடஞ்சுட்டு. எங்க கையிலதான் ஒடஞ்சது. வண்டிய எடுத்தா மஞ்ச லைட்டு எரியும். ஒங்க மேல பழி வரக் கூடாது. இந்தாங்க, இத வச்சுக்கிடுங்க."

உடைந்த கட்டியை அவர் கைக்குட்டையில் வைத்து மடித்துக் கொடுத்தாய். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"எவன்டா ஒடச்சான்?"

"கடையில ஒடஞ்சது மொதலாளி."

"எவன்னு கேட்டேன்."

நீ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். திறந்திருக்க மாட்டேன்.

"ஒன் வாய்க்கு இங்க வேல இல்ல, கெளம்பு" என்றார். நீ கை கழுவினாய், சட்டையை மாற்றினாய், போய்விட்டாய். "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஃபேக்டரி ஆபீசிலிருந்து மஞ்சள் விளக்கைப் பற்றி விசாரிக்க ஒருவர் வந்தார். பின்னால் பெருமாள் அண்ணன். முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "வண்டி வரும்போதே போயிருந்துச்சு சார். எங்க பையன் ஒருத்தன் தெரியாம ஏதோ ஒளறிட்டான், அவன அனுப்பிட்டேன். உங்க டிரைவரத்தான் நீங்க கேக்கணும்."

ஆபீஸ்காரர் திரும்பிப் பெருமாள் அண்ணனைப் பார்த்தார். அவர் கைக்குட்டையை விரித்து அந்தக் கட்டியை நீட்டினார். "இது ரோட்டுல கூடக் கெடச்சிருக்கும்" என்றார் முதலாளி. வெள்ளைச் சட்டை, அதே மடிப்பு. இப்படியே விட்டால் அடுத்த நாள் அந்த டிரைவர் சட்டையை இன்னொருவன் போட்டிருப்பான்.

அப்போதுதான் சொன்னேன். "நான்தான் சார் ஒடச்சேன். பெடல மிதிச்சது என் காலு. இவரு அப்ப சாப்புட போயிருந்தாரு."

பிறகு என்ன, முதலாளி எனக்கும் வாசலைக் காட்டினார். பெருமாள் அண்ணன் வேலை நிலைத்தது. நான் நேராக உன் ரூமுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நீ பாயில் படுத்தபடியே கேட்டாய். தோளில் தட்டுவாய் என்று நினைத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

"வீலுக்கு நாலு நிமிசம். இதுக்கு மூணு நாளா, ஏலே?"

அவ்வளவுதான் சொன்னாய். பிறகு நகர்ந்து படுத்துப் பாயில் பாதியை விட்டாய்.

நீ கான்ட்ராக்டில் ஒரு ஃபேக்டரிக்குப் போனாய். எட்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலை. ஊருக்குக் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. "அந்தக் கடையிலயே வாய மூடிக்கினு இருந்திருந்தா நல்லா இருந்திருப்பான்" என்கிறார்கள் உன் ரூம்காரர்கள். நான் சண்டைக்குப் போனேன். காமாலை வாயிலிருந்தா வந்தது? அந்த ரூம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்தது. பன்னிரண்டு பேர் குடித்த தொட்டி. அதைக் கழுவச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்ட ஒரே வாய் உன்னுடையது. இதை எவன் முன்னாலும் சொல்வேன்.

இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேறு கடை. நான் இன்னும் வேகமாகத்தான் செய்கிறேன். உன்னை மாதிரி ஆவேன் என்று எதிர்பார்க்காதே. வால்வு எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கார்டு. கடைசியில் 'வேலை செய்தவர்' என்று ஒரு கட்டம். எல்லோரும் வேலை முடிந்து, வண்டி ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதில் பெயர் எழுதுவார்கள். நான் வீலைத் தொடுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

இன்று காலை மேனேஜர் கேட்டார். "இன்னாடா, வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள பேரு?"

"அப்பால எழுதச் சொன்னா கை வராது சார்" என்றேன்.